கல்யாணத்துக்கு 50 மார்க்!

வாசகர்களே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கல்யாணத்துக்கு 50 மார்க் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்படியானால் வேலை போய் விட்டால் எத்தனை மார்க்? சம்பந்தி வீட்டுச் சண்டைக்கு எத்தனை? பண்டிகைக்கு எத்தனை? விவாகரத்துக்கு எத்தனை?

"நல்ல நாளும் அதுவுமாக இதென்ன விபரீதக் கேள்வி?" என்று பத்திரிகையை மூடி விடாதீர்கள். இதைக் கேட்டவன் நானல்ல. அமெரிக்காவில், ஸியாட்டில் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு டாக்டர்கள் 394 பேரிடம் கேட்ட கேள்வி இது. "கல்யாணத்தை ஓர் அளவுகோலாக வைத்துக் கொள்ளுங்கள். வாழ்க்கையில் நேரும் மற்ற மாறுதல்களுக்கு மனிதன் தன்னைப் பழக்கிக் கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும்? கல்யாணத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்" என்றார்கள். வந்த பதில்களைச் சராசரி பார்த்து, 43 நிகழ்ச்சிகள் கொண்ட ஒரு பட்டியலாக 1967-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

இது பரீட்சை மார்க் அல்ல, பாரத்தின் மார்க். அதிகம் வாங்கினால் பரிசு கிடையாது!

பட்டியலின் உச்சியில் கணவன் அல்லது மனைவியின் மரணம்: 100. அடுத்தது விவாகரத்து: 73. தம்பதிகள் பிரிந்து வாழ்தல்: 65. சிறைவாசத்துக்கே 63 தான்! வேலை போவது 47. சம்பந்தி வீட்டாருடன் தகராறு 29. கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் கூடுவதற்கோ குறைவதற்கோ 35. பட்டியலின் அடிப்பகுதிக்கு வந்தால், விடுமுறைக்கு 13, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு 12.

விடுமுறையும் பண்டிகையும் இந்தப் பட்டியலில் எப்படி வந்தன என்று ஆச்சரியமாயிருக்கிறதா? அந்த டாக்டர்கள் நல்லது கெட்டது பார்க்கவில்லை. மாறுதலை மட்டுமே பார்த்தார்கள். கூடை நிறையப் பூவை வைத்தாலும் கல்லை வைத்தாலும், சுமக்கிற தலைக்குக் கூடை கூடைதானே?

இந்த மார்க்கை ஜாதகம் போல் எடுத்துக் கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லி விடுகிறேன். ஒரு வருஷத்தில் 300-க்கு மேல் சேர்ந்தால் உடம்புக்கு ஏதாவது வரும் வாய்ப்பு அதிகம், 150-க்கு மேல் போனால் ஓரளவு உண்டு என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். அமெரிக்கக் கடற்படையினர் சுமார் 2,500 பேரைக் கொண்டு ராஹே சோதித்துப் பார்த்ததில் பாரத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அது சிறிய தொடர்புதான். 300 வாங்கியும் கல்லுக்குண்டு போல் இருப்பவர்கள் உண்டு. போகட்டும், தராசு கொஞ்சம் முன்னே பின்னே காட்டினாலும் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நல்லதுதான்.

* * *

ஒரு வீட்டை நிறுத்துப் பார்ப்போம்.

புதிதாகக் கல்யாணமான ஒரு பெண். கல்யாணம் 50. வீடு மாறியது 20. வாழும் நிலை மாறியது 25. ஊர் மாறியதால் வேலையை விட்டது 26. சாப்பாட்டுப் பழக்கம் மாறியது 15. பிறந்த வீட்டில் காரக்குழம்பு, இங்கே எல்லாவற்றிலும் வெல்லம்! தூக்க நேரம் மாறியது 16. உறவுக்காரர் கூட்டம் கூடியது 15. மாமியார் வீட்டில் சிறு உரசல் 29. மொத்தம் 196. இன்னும் தலை தீபாவளி வரவில்லை. அதற்கொரு 12 போட்டால் 208. இத்தனைக்கும் அவளுக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. "எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது, இந்தப் பெண் ஏன் குளியலறையில் போய் அழுகிறது?" என்று எல்லோரும் விழிக்கிறார்கள்.

சரி, பெண்ணின் தகப்பனாரைப் பாருங்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு 45. வரும்படி மாறியது 38. கல்யாணத்துக்காக வீட்டின் மேல் வாங்கிய கடன் 31. பெண் வீட்டை விட்டுப் போனது 29. பண்டிகை 12. மொத்தம் 155. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும் போது அவர் கை நடுங்குவது வயதினால் மட்டுமல்ல.

எல்லோரும் குற்றவாளியாக்கும் மாமியாரையும் விட்டுவிட வேண்டாம். குடும்பத்தில் புது ஆள் வந்ததற்கு 39. வாழும் நிலை மாறியதற்கு 25. உறவுக் கூட்டத்துக்கு 15. சம்பந்தி உரசல் 29. மொத்தம் 108. முப்பது வருஷமாகத் தன் கையில் இருந்த சமையலறையில், கடுகு டப்பா இடம் மாறியிருப்பதைப் பார்க்கும் அம்மாளுக்கும் நெஞ்சில் ஏதோ ஒன்று இடம் மாறத்தான் செய்கிறது.

ஒரே கல்யாணத்தில் மூன்று பேர், மூன்று மூட்டைகள். ஒவ்வொருவரும் தம் மூட்டையை மட்டும் அறிவார்கள். "எனக்கு மட்டும்தான் கஷ்டம்" என்று மூவரும் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். குடும்பச் சண்டைகளில் பாதிக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆகவே முதல் யோசனை: ஒரு காகிதத்தை எடுத்து, இந்த ஒரு வருஷத்தில் உங்களுக்கு நேர்ந்த மாறுதல்களை எழுதுங்கள். பிறகு, உங்களுக்கு யார் மேல் அதிகக் கோபமோ, அவருக்கு நேர்ந்தவற்றை எழுதுங்கள். மார்க் போடாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது காகிதம் முதல் காகிதத்தை விட நீளமாக இருந்தால் திகைக்காதீர்கள்.

* * *

இனி பண்டிகைக்கு வருவோம். பன்னிரண்டே மார்க் தானே என்று அலட்சியமாக நினைத்து விடாதீர்கள். நம் வீடுகளில் தீபாவளியும் பொங்கலும் தனியாக வருவதில்லை; மற்ற எல்லா மார்க்கையும் கூட அழைத்துக் கொண்டு வருகின்றன. கடன், சீர்வரிசை, பழைய மனஸ்தாபம், யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்ற மான அவமானம், எல்லாம் அதே பஸ்ஸில் வந்து இறங்குகின்றன.

பல வீடுகளில் கேட்கக் கூடிய பேச்சு இது:

"ஏங்க, இந்தப் பொங்கலுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போகலாமா?"

"போன தடவைதானே போனோம்?"

"அது சித்தப்பா பெண் கல்யாணத்துக்குப் போனது. அதைக் கணக்கிலே சேர்ப்பீங்களா?"

"எங்க அம்மா மட்டும் தனியா இருப்பாங்களே?"

"எங்க அம்மா மட்டும் கூட்டத்திலேயா இருக்காங்க?"

இதற்குப் பிறகு வருவது உங்களுக்குத் தெரியும். பேச்சு பொங்கலை விட்டு, நிச்சயதார்த்தத்தன்று காப்பி ஆறிப் போயிருந்த விஷயத்துக்குப் போய்விடும்.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. பண்டிகை வருவதற்கு முந்தின வாரம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். புதுக் காலண்டர் மாட்டுகிற அன்றே எடுங்கள். தீபாவளி இங்கே என்றால் பொங்கல் அங்கே, அடுத்த வருஷம் மாற்றி என்று எழுதி வைத்து விடுங்கள். எழுதி வைத்த ஏற்பாட்டில் யாருக்கும் தோல்வி கிடையாது.

முடிவை அவரவர் தம் பெற்றோரிடம் தாமே சொல்ல வேண்டும். பிள்ளை சொல்ல வேண்டியதை மருமகள் வாயால் சொன்னால், அது செய்தியாகப் போய்ச் சேருவதில்லை; சவாலாகப் போய்ச் சேருகிறது.

சீர் விஷயத்தைப் பணம் கொடுக்கிறவர் வாய் திறந்து சொல்லி விடுவது நல்லது. "இந்த வருஷம் இவ்வளவுதான் முடியும்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்! வாங்கிக் கொள்கிறவர்கள் அதைவிடப் பெரிய மனது செய்து, "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்" என்று முந்திக் கொண்டால் அதைவிட நல்ல சீர் வேறில்லை.

விடுமுறைக்கு 13 மார்க் ஏன் என்று கேட்பவர்கள், மே மாதத்தில் குடும்பத்தோடு கொடைக்கானலோ ஊட்டியோ போய்வந்த தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். மூட்டை கட்டுவதும், புளியோதரை கிளறுவதும், குழந்தைக்கு ஸ்வெட்டர் தேடுவதும், திரும்பி வந்து அழுக்கு மூட்டையைத் துவைப்பதும் ஒருத்தியே செய்தால், அது அவளுக்கு விடுமுறை அல்ல. ஊர் மாற்றிய வேலை! புறப்படுமுன் வேலைகளைப் பங்கு போடுங்கள். ஊர் திரும்பிய மறுநாளே ஆபீசுக்கு ஓடாமல் ஒரு நாளாவது வீட்டில் இருங்கள்.

* * *

பண்டிகை போய்விடும். தினசரிச் சண்டை போகாதே, அதற்கென்ன செய்வது?

இதற்கும் ஸியாட்டிலுக்கே போக வேண்டியிருக்கிறது. அதே சர்வகலாசாலையில் ஜான் காட்மன் என்ற மனோதத்துவப் பேராசிரியர், தம்பதிகளை உட்கார வைத்துப் பேச விட்டு, அவர்கள் பேச்சையும் முகத்தையும் நாடித் துடிப்பையும் பல வருஷங்கள் ஆராய்ந்தார். தம்பதிகளின் சச்சரவுகளில் 69 சதவிகிதம் ஒரு நாளும் முற்றாகத் தீராதவை என்பது அவர் கணக்கு! ஒருவர் சிக்கனம், மற்றவர் தாராளம். ஒருவர் விடியற்காலை, மற்றவர் நடுநிசி. இவை தீர்க்க வேண்டிய வழக்குகள் அல்ல. பழகிக் கொள்ள வேண்டிய சீதோஷ்ணம். கோடை வருகிறதே என்று யாராவது சூரியன் மேல் கேஸ் போடுகிறோமா?

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? சண்டைக்கல்ல, இளக்காரத்துக்கு என்கிறார் அவர். "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை" என்பது புகார். "உங்களுக்கு எப்போதுமே பொறுப்பு கிடையாது" என்பது ஆளையே குறை சொல்வது. "உங்கள் குடும்பத்துக்கே அது ஏது?" என்று உதட்டைச் சுழித்தால், அதுதான் இளக்காரம். முதலாவது சாப்பாட்டில் உப்பு மாதிரி, கொஞ்சம் இருக்கலாம். மூன்றாவது விஷம்.

இன்னொன்றையும் கண்டார். கோபத்தில் நாடி நிமிஷத்துக்கு 100-க்கு மேல் போய்விட்டால், எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனதில் ஏறுவதில்லை. அந்தச் சமயத்தில் தர்க்கம் செய்வது வீண். குறைந்தது இருபது நிமிஷமாவது விலகி இருந்து, உடம்பு அடங்கிய பிறகு பேச்சைத் தொடர வேண்டும். நம் பெரியவர்கள் கோபம் வந்தால் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தார்கள். திண்ணை போய்விட்டது, மொட்டை மாடியாவது இருக்கிறதல்லவா? ஒன்று மட்டும் முக்கியம்: "இதோ வருகிறேன், அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அது ஓய்வல்ல, இன்னோர் அடி. மாடியில் உட்கார்ந்து உறவினருக்கெல்லாம் வாட்ஸப்பில் நியாயம் கேட்டுக் கொண்டிருந்தாலும் நாடி இறங்காது!

* * *

இதுவரை சொன்னதெல்லாம் வாய்ச் சண்டைக்கு. அடி உதை உள்ள வீட்டுக்கு இதில் ஒரு வரியும் பொருந்தாது. அங்கே பொறுமை மருந்தல்ல. நோயை வளர்க்கும் பத்தியம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, வசவையும், பணத்தை மறித்து வைப்பதையும் வன்முறை என்கிறது. வீடு தன் பெயரில் இல்லாவிட்டாலும் மனைவிக்குக் குடியிருந்த வீட்டில் வசிக்க உரிமை உண்டு. அந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அவள் இந்த உரிமையைக் கோரலாம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று யோசிக்காதீர்கள். அடி விழும்போது அந்த நாலு பேரும் பக்கத்தில் இருப்பதில்லை.

அடி இல்லை, ஆனாலும் சேர்ந்து வாழ முடியவில்லை; அந்த 73-க்கே வந்தாகி விட்டது என்று வைத்துக் கொள்வோம். அப்போது பயத்தைப் பாதி குறைப்பது விவரம் தெரிந்திருப்பதுதான்.

சென்னை ராஜதானியில் இந்துக்களுக்கு 1949-லேயே இருதாரத்தைத் தடுத்து, விவாகரத்துக்கு வழி செய்யும் சட்டம் வந்தது. 1955-ல் இந்தியா முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இருவரும் ஒத்துக் கொண்டு பிரியும் வழி, 1976-ல்தான் அதில் 13-பி பிரிவாகச் சேர்ந்தது. முன்பு ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சாட்டித்தான் பிரிய முடியும். அதன் பிறகு குற்றம் சாட்டாமலும் பிரியலாம். கிறிஸ்தவர்களின் சட்டத்தில் இந்த வழி 2001-ல் வந்தது.

13-பி பிரிவின் நடைமுறை இது: ஒரு வருஷமாவது தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், மறுபடி வந்து "எங்கள் முடிவு மாறவில்லை" என்று சொல்ல வேண்டும். நடுவில் மனம் மாறினால் விலகிக் கொள்ளலாம். இந்த ஆறு மாதம் கட்டாயமல்ல, இனிச் சேர வழியே இல்லை என்று தெரிந்தால் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. சரிசெய்யவே முடியாமல் முறிந்து போன கல்யாணத்தைத் தானே நேரடியாகக் கலைக்கவும் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2023-ல் அதே கோர்ட் சொன்னது. ஆனால் அந்த அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும்தான். கீழ்க் கோர்ட்டுகளுக்கு இல்லை.

1984-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடும்ப நல கோர்ட், முதலில் சமரசத்துக்கே முயல வேண்டும். அங்கே ஆலோசகர்கள் உண்டு. தரப்பினர் விரும்பினால் விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். ஊர் கூடி வேடிக்கை பார்க்கும் என்று அஞ்ச வேண்டாம். வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயிருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெற 1987-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். மனம் தளர்ந்து தூக்கம் கெட்டவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பஞ்சாயத்துப் பேசிப் பெண்ணைக் கணவன் வீட்டில் கொண்டுபோய் விட்டதும், "அப்பாடா!" என்று படுத்துத் தூங்கி விடுகிறீர்கள். அந்த அமெரிக்கப் பட்டியலில் பிரிந்த தம்பதிகள் மீண்டும் சேர்வதற்கும் 45 மார்க் இருக்கிறது! சேர்ந்த புதிதில் அவர்களுக்குக் கடினமாக இருக்கலாம். அப்போது அடிக்கடி போய் விசாரியுங்கள். ஆனால் விசாரணை நடத்தாதீர்கள்.

பிரிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணவன் மனைவி என்ற உறவுதான் கலைகிறது. அப்பா அம்மா என்ற உறவு கலைவதில்லை. "உங்க அப்பாகிட்டே ஸ்கூல் பீஸ் கேள்" என்று குழந்தையைத் தபால்காரனாக்காதீர்கள். "அங்கே போனியே, யார் யார் வந்தாங்க?" என்று துப்பறிபவனாகவும் ஆக்காதீர்கள். "நாங்கள் பிரிந்தது உன்னால் அல்ல" என்பதை ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்லுங்கள். குழந்தைகள் கேட்காமலே தங்கள் மேல் பழியைப் போட்டுக் கொள்கிறவர்கள்.

கடைசியாக, உறவினரும் அண்டை வீட்டாருமான நம் எல்லோருக்கும் ஒன்று. நூறு மார்க்குள்ள துக்கம் நேர்ந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், தெருவே சோறு கொண்டு வருகிறது. பதினாறு நாள் கூடவே இருக்கிறது. எழுபத்து மூன்று மார்க்குள்ள துக்கம் நேர்ந்த வீட்டுக்கு யார் போகிறோம்? போனாலும், "என்னம்மா ஆச்சு? யார் மேலே தப்பு?" என்று கேட்கவே போகிறோம். அடுத்த தெருவில் கல்யாணம் என்றால், அந்தப் பெண்ணுக்கு மட்டும் பத்திரிகை வைக்கத் தயங்குகிறோம்.

வருகிற தீபாவளிக்கு உங்கள் உறவில் அப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ இருந்தால், பட்சணத் தட்டோடு நீங்களே போங்கள். காரணம் கேட்க வேண்டாம். யோசனை சொல்லவும் வேண்டாம். "மத்தியானம் நம்ம வீட்டிலேதான் சாப்பாடு, குழந்தையையும் கூட்டிக்கிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அன்று அந்த மூட்டையில் எத்தனை மார்க் குறைந்தது என்று எந்த டாக்டரும் கணக்கெடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.